இறந்தவருக்கு இருபத்தொரு நாள்

ஏழு வருஷம் நான் ஒரு செத்த மனிதருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்று. உறையின் மேல் ‘திரு’ போட்டு, ஊர், தபாலாபீஸ், தாலுகா எல்லாம் அழுத்தமாக எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, திண்டுக்கல் பெரிய தபாலாபீஸில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கிறுக்கன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குத்தான் என்னைக் குமாஸ்தாவாக வைத்திருந்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் சேவுகம்பட்டிப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து பஞ்சு அரவை ஆலை ஒன்று தொடங்கினார்கள். லிமிடெட் கம்பெனி. பருத்தி போடுகிறவனே பங்குதாரன். ஆலை அங்கே கரிசல் வெளியில் இருந்தது. கம்பெனியின் ஆபீஸ் திண்டுக்கல்லில், ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டைப் பாறை தெரிகிற ஒரு மாடியில் இருந்தது. ஒரு டைப்ரைட்டர், இரண்டு பீரோ, நான். முதலாளி என்று நாங்கள் கூப்பிட்ட மானேஜிங் டைரக்டர் காலையில் ஒரு நடை வந்துபோவார். அவரும் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுத் தப்பிக்கிற ஆசை எனக்கே வரும்.

அப்போது கம்பெனிகளுக்கான புதுச் சட்டம் வந்த புதிது. வருஷா வருஷம் பொதுக்கூட்டம் போட வேண்டும். அதற்குப் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் இருபத்தொரு நாள் முன்னதாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இருபத்தொரு நாள் என்றால் சும்மா விரல்விட்டு எண்ணுகிற கணக்கு இல்லை. அனுப்புகிற நாள் சேராது, கூட்டம் நடக்கிற நாள் சேராது. தபாலில் போட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் கூட்டினால் இருபத்தைந்து நாள் ஆகிவிடும். பக்கத்து மாடியில் ஒரு தோல் கம்பெனிக் குமாஸ்தா இருந்தார். இந்தக் கணக்கில் வருஷம் தவறாமல் கோட்டை விடுவார். அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலண்டரில் சிவப்புப் பென்சிலால் கோடு போடத் தெரியாதவனுக்கு எதற்கு ஐயா மேசை நாற்காலி? என் நோட்டீசில் ஒரு குறை கண்டுபிடித்தவன் கிடையாது. எனக்கு அதில் கர்வம் உண்டு. முன்கோபமும் கர்வமும் தவிர எனக்கென்று வேறு சொத்து இருந்ததாக ஞாபகமில்லை.

அந்தச் செத்த மனிதர்தான் ஆலைக்கு நிலம் கொடுத்தவர். நிலத்துக்கு ஈடாகப் பங்குகளை வாங்கிக்கொண்டார். கட்டடம் பாதி எழும்பும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவர்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். தன் நிலத்தின் தென்மேற்கு மூலையிலேயே தன்னை வைக்க வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே சொல்லியிருந்தார். முதலாளி அதை மதித்தார். ஐந்து சென்ட் ஒதுக்கி, “இந்த மூலையைக் கம்பெனி எக்காலத்திலும் தொடாது” என்று கம்பெனியின் விதிகளிலேயே ஒரு வரி எழுதச் சொன்னார். அந்த வரியை டைப் அடித்தவன் நான்.

முதல் வருஷ நோட்டீஸ் தயாரிக்கும்போது செத்தவர் பெயரில் வந்து நின்றேன். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். மனைவி இருந்தார். பங்குகளை மனைவி பெயருக்கு மாற்றச் சொல்லி இங்கிலீஷில் இரண்டு தரம் எழுதினேன், பதில் இல்லை. யாருக்கு அனுப்புவது? மதுரைக்குப் போய்க் கம்பெனி வக்கீலைக் கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிச் சட்டத்தை வாசித்துக் காட்டினார். வாரிசுகள் தங்கள் விலாசத்தைத் தெரிவிக்கிற வரையில், அந்த மரணம் நிகழாதிருந்தால் எப்படி அனுப்பியிருப்போமோ அப்படியே அனுப்பலாம்.

“புரிஞ்சுதாய்யா? தபாலப் பொறுத்தமட்டும் ஆளு சாகல. பழைய பேரு, பழைய விலாசம். போட்டுட்டுப் பேசாம இரு” என்றார் வக்கீல்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “அடியாத்தி! பேயிக்கு லெட்டர் எழுதுற புருசன் ஊர் உலகத்துல எனக்குத்தான் வாச்சிருக்கு. பதில் வந்தா வீட்டு விலாசத்துக்கு வரவேணாம்னு சொல்லிருங்க” என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் அந்த உறையில் ‘திரு’ எழுதும்போது பேனா நின்றது. செத்தவர் பெயருக்கு முன்னால் திரு போடுகிற வழக்கம் நம்மில் இல்லை. சட்டத்துக்காகப் போட்டேன்.

பயமாகத் தொடங்கியது பிறகுதான். வருஷா வருஷம் பத்துப் பன்னிரண்டு நோட்டீஸ்கள் திரும்பி வரும். ஊரை விட்டுப் போனவர், கொழும்புக்குப் போனவர், விலாசம் பிசகானது என்று தபால்காரர் கிறுக்கி அனுப்புவார். செத்தவர்களுடையது கட்டாயம் திரும்பும், ‘காலமானார்’ என்று எழுதியே வரும். இவருடையது மட்டும் திரும்பியதில்லை. ஒரு வருஷம்கூட இல்லை. ஒவ்வொரு ஆவணியிலும் திரும்பி வந்த கட்டைப் பிரிக்கும்போது அந்த ஒரு பெயரைத்தான் முதலில் தேடுவேன். யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். யார்? மனைவியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மனசு கேட்காது.

ஏழாவது வருஷம் சிக்கல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் எதிர்பாராத மழையில் சம்சாரிகளின் பஞ்சுப் பொதிகள் வெளியில் கிடந்து நனைந்து நாறிப்போயின. பெரிய கொட்டகை ஒன்று தேவைப்பட்டது. வடக்கே ஓடை, கிழக்கே ரோடு. போட்டால் தென்மேற்கு மூலையில்தான் போட முடியும் என்றார் எஞ்சினீயர். அந்த மூலையில் அவர் இருந்தார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். “மனசுக்குக் கஷ்டமாத்தான்யா இருக்கு. என்ன செய்ய, செத்தவருக்கு அஞ்சு சென்ட் விட்டுட்டு இருக்கிறவன் பஞ்சை நனைய விட முடியுமா? விதிய மாத்தணும்னா என்ன முறை?”

சொன்னேன். கம்பெனியின் விதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்ப்பவர்களைப்போல மூன்று மடங்குப் பேராவது கை தூக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பங்குதாரர் நேரில் வந்திருக்க வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமைக்குத் தள்ளிப்போகும், அப்போது வந்தவர் போதும். இந்த ஐந்து பேரைத் தேற்றுவதே எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் பெரும்பாடு. சம்சாரிகள் காட்டு வேலையை விட்டுவிட்டு இதற்கெல்லாம் வரமாட்டார்கள். முதலாளி, அவர் மச்சினர், ஒரு புகையிலை வியாபாரி, ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். ஐந்தாவது ஆள் நான். கணக்குக்காக ஒரே ஒரு பங்கு என் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். எல்லோரும் கை தூக்கும்போது நானும் தூக்குவேன்.

“அந்தம்மாவுக்குச் சொல்ல வேணாமா?” என்றேன்.

“அதான் நோட்டீஸ் போகுதுல்ல? அம்புட்டுதான்யா நம்ம கடமை” என்றார்.

நோட்டீஸ் போயிற்று. தீர்மானம் முழுசாக, காரண விளக்கம் தனியாக, எல்லாம் இங்கிலீஷில். தபாலில் சேர்த்ததற்குச் சான்றுச்சீட்டு வாங்கி, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கோப்பில் வைத்தேன். இருபத்தொரு முழு நாளுக்கு மேல் ஒரு நாள் கூடவே விட்டிருந்தேன். வேலை சுத்தம்.

பத்து நாள் கழித்து, நோட்டீசின் நகலை ஆலைப் பலகையில் ஒட்டப் போனேன். வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டீக்கடையில் அந்த ஊர்த் தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷத்துக் கேள்வி எனக்கு நாக்கில் நின்றது. அந்தச் செத்த மனிதரின் பெயரைச் சொல்லி, அவருக்கு வருகிற கம்பெனிக் கடிதத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அவருகிட்டதான் சார்” என்றார் தபால்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்னய்யா, வெளாடுறியா? அவரு செத்து ஏழு வருஷமாச்சு.”

“தெரியும் சார். தூக்கிட்டுப் போனதுல நானும் ஒரு ஆளு. மொத வருசம் வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். அந்தம்மா வாங்க மாட்டேனுருச்சு. அவரு பேருக்குல்ல வந்திருக்கு, நான் எப்படி வாங்குறது, அவருகிட்டயே குடுத்துருங்கன்னுச்சு. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அப்புறம் சமாதிக்குப் போயி மாடத்துல வச்சு, மேல ஒரு கல்லையும் வச்சுட்டு வந்தேன். வருசா வருசம் அப்படித்தான்.” டீயைக் குடித்து முடித்து எழுந்தார். “நீங்க அங்கிட்டுப் போறதா இருந்தா செத்த நேரம் கழிச்சுப் போங்க. உச்சி உருமத்துல அந்தப் பக்கம் யாரும் போகமாட்டாக.”

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு வீம்பு வந்துவிடும். அப்போதே போனேன்.

அரவை இல்லாத காலம். ஆலை பூட்டிக் கிடந்தது. பருவத்தில் அரைபடும்போது காது அடைக்கிற இடம், இப்போது என் செருப்புச் சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பின்பக்க முள்வேலியில் முள்ளுக்கு முள் பஞ்சு ஒட்டியிருந்தது. காற்று துளியும் இல்லை. ஆனாலும் அந்தப் பஞ்சு அசைந்துகொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன், அது அசைந்துகொண்டேதான் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். என் நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது.

சமாதி இடுப்பளவு உயரம், சுண்ணாம்பு பூசியது. முன்பக்கத்தில் விளக்கு வைக்கிற மாடம். அதற்கு எதிரில் ஓர் அம்மாள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். செத்தவரின் மனைவி என்று கேட்காமலே தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கம்பெனியில இருந்து வாரீகளா? லெட்டர் எழுதுற தம்பியா?”

எப்படித் தெரிந்ததோ. தலையை ஆட்டினேன். மாடத்துக்குள் பார்த்தேன். என் கையெழுத்து. ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு உறைகள், ஏழிலும் என் ‘திரு’. அடியில் இருந்தவை பழுத்து மண்நிறம் ஆகியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒட்டிய பசை ஒட்டியபடி இருந்தது.

“பிரிச்சே பாக்கலையாம்மா?” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

“நான் எதுக்குப் பிரிக்கணும்? அவரு வாசிச்சுட்டாரே.” அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து என் கையில் கொடுத்தார். கனமே இல்லை. அமுக்கினால் உள்ளே பொருபொருவென்று ஏதோ உதிர்ந்தது. அவர் அனுமதி கேட்டு ஓரத்தைக் கிழித்தேன். உள்ளே காகிதம் இல்லை. நாலு பக்கம் டைப் அடித்து மடித்து நான் வைத்த நோட்டீஸ் ஒரு எழுத்துகூட இல்லாமல் போயிருந்தது. ஒரு பிடி ஈரமற்ற மண் என் உள்ளங்கையில் கொட்டியது.

கரையான்தான். எனக்குத் தெரியாதா? கரையான் மேல்தாளை விட்டுவிட்டு உள்ளே தின்னும். சுவர்க் காலண்டரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வெயிலில் அந்த இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஆவணியில வரும். ஐப்பசி மழை விழுந்தா வாசிக்க ஆரம்பிப்பாரு. கார்த்திகைக்குள்ள முடிச்சிருவாரு. ஒரு வருசமும் மிச்சம் வச்சதில்ல” என்றார் அந்த அம்மாள். “கம்பெனிக்காரவுக அவர மறக்காம வருசந்தவறாம எழுதுறீக. நல்லாருப்பீக தம்பி.”

மறக்காமல் எழுதினோமாம். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, மூலை, தீர்மானம், கூட்டம். இந்த இடத்தைத் தோண்டப் போகிறார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் சமாதியைப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மேலே இருந்த இந்த வருஷ உறையை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார். “கனமா இருக்கு. இன்னும் வாசிக்கல. அவரு வாசிக்காம எப்படி முடிவு பண்ணுவாக?”

“தபால்ல போட்டு நாப்பத்தெட்டு மணி நேரத்துல போய்ச் சேந்ததா சட்டம் எடுத்துக்கும்மா.”

“அவருக்கு ஒரு மழை வேணுமே.”

“கூட்டத்துக்கு இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு.”

அவர் சற்று யோசித்தார். உறையை என்னிடம் நீட்டினார். “அப்ப நீங்களே வாசிச்சுருங்க. எழுதினவரு நீங்கதான். தமிழ்ல சொல்லுங்க, அவருக்கு இங்கிலீசு வராது.”

மறுத்திருக்கலாம். நான் ஒரு கம்பெனிக் குமாஸ்தா, கல்லுக்கு நோட்டீஸ் வாசிக்கிறவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உறையைக் கிழித்தேன். சமாதிக்கு எதிரில் நின்று, வெயிலில் கண் கூச, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி வாசித்தேன். “இதனால் தங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், நமது கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம்...” தங்களுக்கு என்று சொல்லும்போதே முதுகில் வேர்வை வழிந்தது. மாடத்துக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் வந்தது. காய்ந்த காகிதத்தை யாரோ மெல்லப் புரட்டுகிற சத்தம். நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. நான் வாசித்தால் அதுவும் தொடர்ந்தது. அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

காரண விளக்கத்துக்கு வந்தேன். அதில் நான் டைப் அடித்திருந்த வரி இது: “ஆலை வளாகத்தில் தற்போது காலியாகக் கிடக்கும் தென்மேற்குப் பகுதியில்...”

வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாடத்துச் சத்தம் நின்றுவிட்டது. நான் மறுபடி வாசித்தபோதும் அது வரவில்லை.

“காலியாவா?” என்றார் அந்த அம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எப்படியோ முடித்தேன். அவர் போய்ச் சமாதியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நெருப்பாகச் சுட்டிருக்கும். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எந்தப் பக்கம்னு கேக்குறாரு தம்பி.”

“நான் குமாஸ்தாம்மா.”

“குமாஸ்தாவுக்குக் கை கிடையாதான்னு கேக்குறாரு.”

என் ஒரு பங்கைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நான் அவரிடம் சொல்லவும் இல்லை. “நான் கை தூக்க மாட்டேன்னு சொல்லுங்க” என்றேன். சொன்னது சத்தியமாக மனசிலிருந்துதான் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதும் அந்த மண் என் ரேகைகளுக்குள் ஒட்டியிருந்தது. ஆபீஸில் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த பதினாலு நாளும் நான் மனிதனாக இல்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. “அன்னிக்கி நீங்க போகாம இருந்திருங்க. காச்சன்னு சொல்லிருங்க” என்றாள்.

“போகாட்டி என்ன? நாலு பேர்தான் இருப்பாங்க, கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அடுத்த வாரம் நாலு பேரே போதும். ஒரு வாரம்தான் லாபம்.”

“ஒரு வாரம்னா ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டுமே, பாவம் மனுசன்” என்றாள். செத்தவரை மனுசன் என்றாள்.

கூட்டத்தன்று காலையில் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. ஆனால் அதைவிட அற்பமான காரணம் ஒன்று இருந்தது. சொல்லித் தொலைக்கிறேன். நான் தயாரித்த நோட்டீஸ் அது. நாள் தவறாமல், எழுத்துப் பிசகாமல், முத்திரை சரியாக விழுந்து, குறையே இல்லாத நோட்டீஸ். ஆள் குறைவால் அது வீணாகிக் கூட்டம் தள்ளிப்போனது என்று பக்கத்து மாடித் தோல் கம்பெனிக் குமாஸ்தா சொல்லிச் சிரிப்பானே என்று நினைத்தேன். தூ!

பதினோரு மணிக்கு நான்கு பேரும் வந்துவிட்டார்கள். மதுரை வக்கீலும் வந்திருந்தார். முதலாளி பேச ஆரம்பிக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள். கையில் நான் கிழித்து வாசித்த உறை இருந்தது. முதலாளி எழுந்து நின்று, “வாங்கம்மா” என்றார். தனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றார் அம்மாள்.

வக்கீல் குறுக்கிட்டார். “பங்கு உங்க பேர்ல இல்லம்மா. நீங்க கூட்டத்துல பேசவோ கை தூக்கவோ முடியாது.”

“என் பேர்ல இல்லதான். அவரு பேர்ல இருக்கு. அவருக்காகத்தான் வந்திருக்கேன்.”

“அவரு காலமாயிட்டாரே.”

“லெட்டரு போடும்போது உசுரோட இருந்தாரே அய்யா?”

தலைமையாசிரியர் குனிந்து கைக்குட்டையை மடித்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “லெட்டர் வாங்க மட்டும் இருக்காரும்மா. கை தூக்க இல்ல. சட்டம் அப்படி” என்றார். பாவம், அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கூட்ட நடவடிக்கை எழுதுகிற மினிட் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே போய், படிக்கு எதிரே கிடந்த பெஞ்சியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்கள். நான்தான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.

“தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள்” என்றார் முதலாளி. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. புகையிலைக்காரர், மச்சினர், சற்றுத் தயங்கித் தலைமையாசிரியர், முதலாளி. என் கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. மேசையில் விழுந்த நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நிழல்கள் ஐந்து இருந்தன. எண்ணிப் பார்த்தேன். எதிர்ப்பு யாருமில்லை என்று மினிட்டில் எழுதியவனும் நானே.

எல்லோரும் போன பிறகு, நான் வெளியே வந்தேன். அந்த அம்மாள் இன்னும் பெஞ்சியிலேயே இருந்தார். வேறு வழியில்லாமல் அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். நானாக, “ஜெயிச்சிட்டாங்கம்மா. அடுத்த மாசம் தோண்டுவாங்க. மரியாதையா எடுத்து வேற எடத்துல வைக்கச் சொல்லி நான் முதலாளிகிட்டப் பேசுறேன்” என்றேன்.

“ம்” என்றார். வத்தலக்குண்டு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறுவதற்கு முன் திரும்பினார்.

“நீங்க கை தூக்கலைல்ல தம்பி?”

பட்டப்பகல். சுற்றிலும் ஜனம், கடலைக்காரன் கூச்சல், கண்டக்டர் விசில். என் கண்ணுக்கு அவர் முகம் மட்டும் தெரிந்தது.

“இல்லம்மா. நான் தூக்கல” என்றேன்.

அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் என்னவென்று சொல்ல! பதினாலு நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

“எனக்குத் தெரியும். அவருதான் நம்பல. தூக்கிருவான், தூக்கிருவான்னுட்டே இருந்தாரு. போயி சொல்லிர்றேன்.”

பஸ் கிளம்பிவிட்டது. ஓடினால் பிடித்திருக்கலாம். பேகம்பூர் பக்கம் திரும்புகிறவரை மெதுவாகத்தான் போயிற்று. நான் ஓடவில்லை.